இரண்டு தரம் கூப்பிட்டால்

ஓர்ஸ் ஹில் டிஸ்பென்சரியில் நோயாளர் சொல்லும் பேரைத் துண்டில் எழுதி, கூப்பிட்டு, ஆட்களை உள்ளே அனுப்புவது பூரணியின் வேலை. திங்கட்கிழமை தோறும் துறை கடந்து கிண்ணியாவிலிருந்து தலையிடி என்று வரும் ரபீக்காவை நினைத்தாலே அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். முன்வரிசை வாங்கிலேயே இருப்பாள், ஆனால் ஒரு தரம் கூப்பிட்டால் எழும்பமாட்டாள்.

அன்று டொக்டர் நம்பர் அடித்த தகர வில்லைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இனிப் பேர் கூப்பிட வேண்டாம், பூரணி. நம்பரைச் சொன்னால் போதும்."

பூரணிக்கு நிம்மதி.

"உங்களுக்கு ஏழு, உம்மா."

ரபீக்கா தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டீங்களா, மகள்?"

"சொன்னால் மட்டும் உடனே எழும்புறனீங்களோ? ரெண்டு தரம் கத்த வேண்டிக் கிடக்கு."

"அது என்ட பேரில்ல, மகள். காய்ச்சல்ல மௌத்தாப் போன என்ட புள்ளட பேரு. அதத்தான் துண்டுக்குக் குடுத்தன். அவட வாப்பாட மனம் நோகுமெண்டு ஊட்டுல ஒருத்தரும் அந்தப் பேர எடுக்கிறல்ல." அவள் கண் வாசலுக்குப் போயிற்று. "முதல் தரம் நீங்க கூப்பிடக்குள்ள, அவ 'ஓம்' எண்டு சொல்லுவாவோ எண்டு பார்த்துக்கிட்டு இருப்பன்."

ஏழாவது ஆளின் முறை வந்தது. பூரணி வாசல் பக்கம் திரும்பி, "ரபீக்கா!" என்று கூப்பிட்டாள்.

இரண்டாம் தரம் கூப்பிடாமல், பூரணியும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.