நிறுத்திய தண்ணீர்

தடுப்பூசி அறையின் ஜன்னல் வழியே காலை வெயில் சாய்வாக விழுந்து, குளிர்ப்பெட்டி மூடியில் பூத்திருக்கும் நீர்த்துளிகளை மின்ன வைக்கிறது. நர்ஸ் ஒன்றரை மாதக் குழந்தையின் கன்னங்களை இரு விரலால் மெல்ல அமுக்கி, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்தை வாய்க்குள் விடுகிறாள். "துப்பினே, உனக்கு யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்கடா!" குழந்தை சற்று யோசித்துவிட்டுச் சப்புக்கொட்டுகிறது. அம்மா சிரிக்கிறாள். அப்பாவோ காலிக் குப்பியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "இந்த மருந்து எப்பக்கா வந்துச்சு?" "நம்ம பக்கம் வந்து மூணு வருஷம் இருக்கும்." அவர்களின் மூத்த மகள் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. இரண்டே நாள் வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று சொன்னவன் அவன்தான். மகள் கை நீட்டி அழ அழ, டம்ளரை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தவனும் அவன்தான். நர்ஸ் அட்டையில் தேதி எழுதிக்கொண்டே எல்லோரிடமும் சொல்வதைச் சொல்கிறாள். "சொட்டு விட்டாலும் எப்பவாவது வயித்தால போகலாம். உடனே இங்க தூக்கிட்டு வாங்க. தாய்ப்பாலை மட்டும் நிறுத்திடாதீங்க. சில பேர் பெரிய குழந்தைக்குத் தண்ணியக்கூட நிறுத்திடறாங்க, என்னத்தச் சொல்ல!" அவன் விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகுகின்றன. மனைவி குழந்தையின் கடைவாயை முந்தானையால் ஒற்றுகிறாள். "மூத்தவளுக்கு நான்தான்க்கா தெரியாம நிறுத்திட்டேன்," என்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான். அவள் குழந்தையைத் தூக்கி அவன் கையில் கொடுக்கிறாள்.