உங்க டிஸ்க்கே இருக்கட்டும்

வெளியே குற்றாலச் சாரல். தென்காசி அலுவலகத்தின் உள்ளே மேலாளர் சண்முகப்பிரியாவுக்கு வியர்த்தது.

வங்கியின் மெயின்பிரேமில் லினக்ஸ் ஏற்ற எந்த வகை டிஸ்க் என்று இன்றே முடிவாக வேண்டும். பழைய வகையான டாஸ்டி என்றால் மெயின்பிரேம் பார்க்கும் வல்லிநாயகம் பொறுப்பு. புது வகையான ஸ்கசி என்றால் லினக்ஸ் பார்க்கும் வேல்ராஜ் பொறுப்பு. வழக்கமாக இருவரும் தத்தம் டிஸ்க்தான் உசத்தி என்று மல்லுக்கு நிற்பார்கள்.

“டாஸ்டியே போடுவோம் மேடம். அண்ணாச்சி பேக்கப் எடுத்தா நிம்மதியாத் தூங்கலாம்” என்றான் வேல்ராஜ்.

“சும்மா இருலே. ஸ்கசிதான் வேகம். தம்பி அதுல கெட்டிக்காரன் மேடம்” என்றார் வல்லிநாயகம்.

சண்முகப்பிரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “போட்ட பிறகு மாத்தணும்னா மொத்த டேட்டாவையும் பெயர்க்கணும். நாளைக்கு அது படுத்துட்டா யாரு பார்ப்பா?”

“அண்ணாச்சி.”

“தம்பி.”

“ரெண்டு பேரும் உண்மையைச் சொல்லுங்க.”

வேல்ராஜ் தலைகுனிந்தான். “நான் பேப்பர் போடுதேன் மேடம். பெங்களூர்ல வேற வேலை கிடைச்சிட்டு.”

வல்லிநாயகம் பதறி எழுந்தார். “ஏலே, நானும்லா போடுதேன்! உன்னை நம்பித்தானலே போறேன்!”

இருவரும் மெல்ல சண்முகப்பிரியா பக்கம் திரும்பினார்கள்.

“அப்போ எந்த டிஸ்க் போட்டாலும் மேடம்தான் பார்க்கணும்” என்றான் வேல்ராஜ்.

சண்முகப்பிரியா தலையில் கை வைத்தாள்.

“இன்னைக்கே முடிவு சொல்லுங்கன்னு நான் எதுக்கு அண்ணாச்சி பறந்தேன்? சாயங்காலம் நானும் பேப்பர் போடணும்லா!”