தோடு போட வந்தவர்கள்

'மாட்டேன்னு சொல்லிடணும். முதல் கிண்ணம் தேநீர் ஊத்தும்போதே சொல்லிடணும். பொண்ணு நர்ஸ் படிப்பை முடிக்கட்டும், அப்புறம் வாங்கன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிடணும்.'

முதல் கிண்ணம் போய் மூன்றாவதும் ஊற்றியாகிவிட்டது. புருல் இன்னும் சொன்னபாடில்லை. "இன்னும் கொஞ்சம் பாலாடை போட்டுக்கங்க, சம்பந்தி" என்று வாய் பாட்டுக்கு உபசாரம் செய்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோடு போட வருகிறார்கள், ஆட்டை அடித்து வை என்று செத்துப்போன கணவனின் அண்ணன் சாதிபெக் சொல்லியனுப்பினார். அதோடு சரி. நாரின் மலைப்பக்கத்தில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. வந்தவர்கள் கையால் காதில் தோடு ஏறிவிட்டால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கழற்றினால் இரண்டு ஊரும் காறித் துப்பும்.

வந்தவர்கள் தமாராவும் அவள் புருஷன் குபாத்தும். தலைநகர் பிஷ்கெக்கில் அடுக்குமாடி வீடு. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் தமாரா நரித்தோல் வைத்த கோட்டைக் கழற்றவில்லை. வியர்வை வழிந்தாலும் பரவாயில்லை, கோட்டு கண்ணில் பட வேண்டும்.

"ஊர்ல எங்க பண்ணை வீட்டுக்கு, பனி கொட்டறதுக்குள்ள ஒரு பொம்பள வந்தாகணும், புருல் அக்கா. தொழுவம் நிறைய மாடு. பார்க்கத்தான் நாதியில்லை."

"ஏன், நீங்க ரெண்டு பேரும் வந்து பார்க்கறதுதானே?" என்றார் சாதிபெக், எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

"எனக்குச் சாணி நாத்தம் ஒத்துக்காதுண்ணே" என்றான் குபாத்.

"கறி மட்டும் ஒத்துக்குதாக்கும்!"

"அதுக்கென்ன, டிக்கி நிறைய ஒத்துக்கும்!"

ஆண்கள் இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மூலையில், இரவல் வெல்வெட் சட்டைக்குள் விறைத்து உட்கார்ந்திருந்த கனிஷாய், அம்மாவை முறைத்தாள். 'சொல்லேன்' என்றது அந்த முறைப்பு.

புருல் தொண்டையைச் செருமினாள். வந்தது வேறு கேள்வி. "மாப்பிள்ளை எப்படி?"

"தங்கமான மனுஷன், அக்கா. குடி கிடையாது. வம்பு கிடையாது. எதையும் மெத்துன்னு வேகவெச்சுப் போட்டா போதும், வாயே திறக்க மாட்டார்."

இந்தக் காலத்தில் வாய் திறக்காத பையனா? குறையே இல்லாத இடத்தை என்ன சொல்லி மறுப்பது?

தமாரா வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். பெண்ணைப் பார்க்க வந்தவள், பெண்ணைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள். கூரை உயரத்துக்குக் கட்டியிருந்த புல்போரில் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று சோதித்தாள். நிலவறைக்குள் எட்டிப் பார்த்து உருளைக்கிழங்குக் குவியலை மெச்சினாள். சுவரோடு சுவராக அடுக்கியிருந்த வரட்டியைப் பார்த்ததும் நின்றேவிட்டாள்.

"ஒண்ணுகூடச் சரியலையே! யாரு அடுக்கினது?"

"எல்லாம் கனிஷாய்தான்" என்றாள் புருல்.

நேற்று மாலைதான் கல்லூரி விடுதியிலிருந்து வந்து இறங்கிய கனிஷாய் வாயைப் பிளந்தாள்.

எதற்காக இந்தப் பொய்? புருலுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. பெண்ணைக் கொடுக்க மனசில்லை. ஆனால் இந்தப் பெண் வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடவும் கூடாது. மறுப்பதாக இருந்தால் தான்தான் மறுக்க வேண்டும், அதுவும் அவர்கள் கெஞ்சிய பிறகு. என்ன ஒரு பெருமை இது! பெற்ற பெண்ணின் தலையை அடகு வைத்துவிட்டு ஒரு பெருமை.

தமாரா நெருங்கி வந்தாள். புருலின் கையைப் பிடித்துத் திருப்பி, வெடித்துக் கறுத்திருந்த உள்ளங்கையை ஒரு முறை தடவிப் பார்த்தாள். புருஷனைப் பார்த்து, "ம்" என்று தலையாட்டினாள்.

உள்ளே வந்ததும் கோட்டுப் பையிலிருந்து சின்னப் பெட்டியை எடுத்தாள். வெள்ளித் தோடு, நடுவில் பவளம். சாதிபெக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கனிஷாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

'இப்பவாவது சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?' புருல் தன்னைத்தானே பிடுங்கினாள். இருபது வருடமாக இந்த வீட்டில் "ஆகட்டும்" என்று மட்டுமே சொல்லிப் பழகிய நாக்கு.

தமாரா எழுந்து வந்தாள். கனிஷாயின் முன்னால் வந்து குனிந்தாள்.

"நீ கொஞ்சம் தள்ளி உட்காரும்மா, இடிக்குது."

கனிஷாய் கண்ணைத் திறந்தாள். தமாரா அவளைத் தாண்டிப் போய்ப் புருலின் எதிரே மண்டியிட்டாள். புருலின் தலைத்துணியை மெல்ல விலக்கினாள்.

"தலையை இப்படிச் சாய்ங்க, அத்தை. பண்ணை வீட்டு வாசல்லயே எங்க மாமனார் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருப்பார்."

சாதிபெக் அவசரமாக இன்னொரு எலும்பைத் தேடிக் குனிந்தார். கனிஷாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

புருல் தமாராவின் கையைப் பிடித்து, தோட்டோடு சேர்த்து அவள் மடியிலேயே வைத்தாள். தலைத்துணியை இழுத்து இறுக்கி முடிந்துகொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்குக் காது தூர்ந்துபோச்சு, தமாரா."