வெள்ளிக்கிழமை எறும்புகள்

1986, ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. சுவிஸின் சூக் நகரத்து வீடொன்றைத் துப்புரவாக்க வரும் ஞானேஸ்வரி, விடுமுறைக்குப் போன வீட்டுக்காரி வளர்க்கும் கொம்பு ஓணானுக்கு முன்னால் முழந்தாளிட்டிருக்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கின் சூடு மஞ்சளாய் மணலில் படுத்திருக்கிறது. ஓணான் தின்று மூன்று நாளாகிறது. "விரதம் எனக்குத்தான். நீர் தின்னும், ராசா," என்றபடி, தோட்டத்தில் பிடித்த எறும்புகளைப் போத்தலிலிருந்து கொட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். நாக்கு மணலைத் தொடும் சிறு சத்தம், பிறகு இன்னொன்று, பிறகு மழைத்தூறல்போல. கண் திறக்கையில் ஓணான் வயிறு புடைத்து அரைத்தூக்கத்தில் கிடக்கிறது. மிஞ்சும் எறும்புகள் அதைக் கடிக்கும், எடுத்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஞானேஸ்வரி அவற்றைத் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து, ஏரிக்காற்று வரும் யன்னலில் விடுகிறாள். "ஓடுங்கோ. இந்தப் பக்கம் திரும்பி வராதேங்கோ." கடைசி எறும்பு மட்டும் தூரிகையிலிருந்து அவள் விரலில் ஏறி, இறங்காமல் நிற்கிறது.