எதிராளியைப் புகழாதே

“அந்த இன்னொருத்தரை விட்டுட்டு உங்களை எதுக்கு எடுக்கணும், டாக்டர் விலிமோனே?”

கெலெரா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, தேர்வுக் குழுத் தலைவரின் குரலில் கேட்டாள். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் விலிமோனே வெள்ளைச் சட்டை போட்டு, ஃபிஜி வேட்டியான சுலுவைக் கட்டி விறைப்பாக உட்கார்ந்திருந்தான். நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை என்றாலும் உடுப்போடுதான் என்பது அவள் கட்டளை. வெளியே சுவா நகரத்து மழை வழக்கம்போல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

“அவங்க ரொம்பக் கெட்டிக்காரங்க. அலையாத்திக் காட்டு நண்டைப் பத்தி அவங்க எழுதின அளவுக்கு இந்தத் தீவுல...”

“நிறுத்து. இங்க என்ன பாராட்டு விழாவா நடக்குது?”

போன தடவையும் இதே கூத்துதான். போட்டியாளரைப் பற்றிக் குழு ஒரு வார்த்தை கேட்டதும் விலிமோனே அவரைப் புகழ்ந்து தள்ளிவிட்டான். பெரியவர்கள் முன்னால் தன் பெருமை பேசக்கூடாது, அடுத்தவரைத்தான் உயர்த்திப் பேச வேண்டும் என்று வளர்ந்தவன். குழு அவன் சொன்னதை அப்படியே நம்பி, வேலையை அந்த ஆளுக்கே கொடுத்துவிட்டது. அவர் இன்றும் சந்தையில் பார்த்தால் இவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறார்.

பிரிஸ்பேன் வரை போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்தும், இன்னும் அவன் மணிக்கணக்கில் பாடம் எடுக்கும் தற்காலிக ஆசிரியன்தான். இப்போது கடலுயிரியல் துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலி. இதையும் விட்டால் யாராவது ஓய்வு பெறும்வரை காத்துக் கிடக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவனுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

கடைசிச் சுற்றில் இரண்டே பேர். இவனிடம் பட்டம் இருக்கிறது, ஆய்வுக் கட்டுரை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எதிராளியிடம் பட்டம் இல்லை, ஆனால் மீன்வளத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய கட்டுரைகள் வெளிநாட்டு ஆய்விதழ்களில் வரிசையாக வந்திருக்கின்றன. விளம்பரத்திலோ ‘டாக்டர் பட்டம் அல்லது அதற்கு இணையான வெளியீடுகள்’ என்று போட்டு, இரண்டு தரப்புக்கும் ஆசை காட்டியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து, எல்லாரும் கூடி உட்கார்ந்து குடிக்கும் கவா பானத்துக்குக் கூப்பிட்டார்கள். விலிமோனே ஆவலோடு எழுந்தான். கெலெரா பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

“சரி, சொல்லு. கட்டுரையே இல்லாத பட்டம் எதுக்கு ஆகும்?”

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். “கட்டுரை எழுதறவங்களுக்கு அவங்க விஷயம் நல்லாத் தெரியும். பட்டம் வாங்கறதுக்குள்ள நான் அஞ்சு தடவை தோத்தேன். தெரியாத ஒண்ணை எப்படித் தேடறதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. மாணவங்களுக்கு அதைத்தானே சொல்லித் தரணும்?”

அவள் முகம் மலர்ந்தது. இதை ஏன் போன தடவை சொல்லவில்லை என்று திட்டவும் செய்தாள். பிறகு மேசைமேல் சாய்ந்தாள்.

“அடுத்தது. அவங்களுக்கு ஏன் பட்டம் இல்லை? அங்கதான் நீ அடிக்கணும்.”

“அது மட்டும் வேண்டாம் கெலெரா.”

“ஏன்?”

“அது அவங்க தப்பில்லை. ஆராய்ச்சி நடுவுல குழந்தை பிறந்துச்சு. வீட்டுல ஒருத்தராவது சம்பாதிக்கணும்னு ஆச்சு.”

“குழுவுக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். நீ சொல்லு.”

விலிமோனே மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மறுபடி பிரித்தான். அவள் விடவில்லை.

“அவங்க ஆராய்ச்சியைப் பாதியில விட்டுட்டாங்க,” என்றான் கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு. “நான் முடிச்சேன்.”

கெலெரா ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

“நல்லாச் சொன்னே. திங்கட்கிழமை தலையைத் தூக்கிச் சொல்லு, வேலை உனக்குத்தான்.”

அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. போதும் என்று சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனான்.

“எங்க கிளம்பிட்டே? எழுந்து இந்தப் பக்கம் வா,” என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“திங்கட்கிழமை நீ வெளியே வந்ததும் அடுத்து உள்ள போகப்போறது நான்தானே? ஆராய்ச்சியை ஏன் பாதியில விட்டேன்னு முதல்ல கேளு.”