கண்ணாடிப் படகில் ஒரு நங்கூரம்
உச்சிவெயிலில் கடல் கண்ணைக் குத்துகிறது. கண்ணாடித் தரை போட்ட சுற்றுலாப் படகின் விளிம்பைப் பிடித்தபடி அக்கா தண்ணீரிலிருந்து எழும்புகிறாள். அவள் விடுகிற மூச்சில் படகு அடுத்த கண்டத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும் போலிருக்கிறது. கையில் முறிந்த பவளக்கிளை ஒன்று. கடல் வெந்நீராய்க் கொதித்த கோடையில் பவளத்திட்டு மொத்தமும் வெளுத்துச் செத்துப்போக, தப்பிய நாலைந்து கிளைகளைக் கடலடியில் கம்பிச் சட்டத்தில் கட்டி, மூன்று வருஷமாக டூத்பிரஷால் பாசி தேய்த்து வளர்க்கிறவள் அவள். பெற்ற பிள்ளைக்குக்கூட அத்தனை தடவை பல் துலக்கிவிட்டதில்லை. அந்தச் சட்டத்தின் மேல்தான் படகோட்டித் தம்பி நங்கூரத்தைப் போட்டிருக்கிறான்.

"இங்க நிறுத்தினாத்தான்க்கா நல்லாத் தெரியுது. வர்றவங்க வெறும் மண்ணையா பார்ப்பாங்க?"

"மூணு வருஷம்டா, பாவி!"

"விடுக்கா, கல்லுதானே. திரும்ப முளைக்கும்."

பயணிகள் ஒன்பது பேரும் கண்ணாடியை விட்டுவிட்டு அவளையே பார்க்கிறார்கள். அவள் மறுபடி முங்குகிறாள். நங்கூரத்தைச் சட்டத்திலிருந்து மெல்ல விடுவித்துவிட்டு, படகில் ஏறிக் கயிற்றை இழுக்கிறாள். மணல் ஒழுக வந்த இரும்பை, நடுப்படகில் நிற்கும் தம்பியின் இரண்டு கையிலும் வைக்கிறாள். கனத்தில் அவன் முன்னால் குனிகிறான். கீழே வைக்கலாமென்றால் காலடி முழுக்கக் கண்ணாடி.

"அக்கா, வாங்கிக்கக்கா! விழுந்தா உடைஞ்சிரும்!"

அவள் எதிரில் உட்கார்ந்து, நிதானமாகத் தலைமுடியைப் பிழிகிறாள்.

"உடைஞ்சா என்னடா? திரும்ப முளைக்கும்."