எரர் வரவில்லை

கேக்கின் நீலக் கிரீம் அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. துடைத்தாள். பிசுபிசுப்பு போகவில்லை.

அருவருப்பாக இருந்தது. கிரீம் மட்டுமல்ல, கைதட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்த அந்த அறையே.

மருத்துவமனையின் டயாலிசிஸ் பட்டியல் இந்த வாரம்தான் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாறியிருந்தது. டேட்டாபேஸிடம் தகவல் கேட்டெடுக்கும் ஒரு க்வெரியில்கூட ஓர் எழுத்தை மாற்றவில்லை என்று மேனேஜர் சிவநேசன் மார்தட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஸ்டாண்டர்ட் எஸ்க்யூஎல். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அப்படியே ஓடும்.

ஓடத்தான் செய்தது.

அதுதான் ஆபத்து.

மடியில் லேப்டாப் திறந்திருந்தது. நாளை யார் யார் டயாலிசிஸுக்கு வர வேண்டும் என்று மெசேஜ் அனுப்பும் க்வெரி. இறப்புக் குறிப்பு காலியாக இருப்பவர்களை மட்டும் எடு என்கிறது.

பழைய டேட்டாபேஸுக்குக் காலி என்றால் காலி, அவ்வளவுதான்.

புதியது அப்படியில்லை. யாரும் தொடாமல் விட்ட கட்டம் வேறு, வெறுமையாகச் சேமித்த கட்டம் வேறு. கிராம முகாம்களில் நோயாளிகளை டேப்லெட்டில் பதிகிறார்கள். அந்தப் பதிவுகளை டேப்லெட்டிலிருந்தே நேராகப் புதியதில் ஏற்றியிருந்தார்கள். அந்தச் சனியன் பிடித்த படிவம் எல்லாக் கட்டத்தையும் வெறுமையாகச் சேமித்துவைக்கும். அந்த வெறுமையையும் ஒரு குறிப்பு என்று புதியது எடுத்துக்கொண்டது.

அதன் கணக்கில், முகாமில் பதிந்தவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

எரர் வரவில்லை. இவர்கள் சோதித்ததும் அதை மட்டும்தான். பச்சை விழுந்தால் பாஸ். வருகிற பதில் பழைய பதில்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவள் அவகாசம் கேட்டாள். ஸ்டாண்டர்டை நம்பு என்றார் சிவநேசன். பட்டியல் சுருங்கியதைப் பார்த்து, குப்பை கழிந்தது என்று மெயில் வேறு போட்டிருந்தார்.

குப்பையாம்.

திரையை அவரிடம் காட்டினாள். மென்றபடியே படித்தார். உதட்டோரம் நீலம்.

"இப்ப வாயத் திறக்காத. க்ளையன்ட், ஆஸ்பத்திரிக்காரங்க, பக்கத்துலயே நிக்கிறாங்க. திங்கக்கிழமை போடுற திருத்தப் பேட்ச்ல விட்டுப்போனவங்கள சத்தமில்லாம சேத்துடலாம்."

இன்று வியாழன்.

அந்த முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை.

வெளியே வந்தாள். விடுபட்டவர்களின் எண்களில் முதலாவதை அழைத்தாள்.

ஒரு பெண் எடுத்தார். நோயாளியின் மனைவி.

மெசேஜ் வராதது எங்கள் தவறு, அவரை உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் என்றாள்.

அந்த அம்மா பதறவில்லை. குரலில் சிரிப்புகூட இருந்தது.

"மெசேஜே வரலியா, டாக்டரு போதும்னு நிறுத்திட்டாகன்னு நெனச்சோம் தாயி. அவுகளுக்கு ஒரே சந்தோசம். டம்ளர்ல அளந்து அளந்து குடிச்ச மனுசன், இப்பத்தான் சொம்பு சொம்பா தண்ணி குடிச்சாக. காலையிலேருந்து அசந்து தூங்குறாக. எழுப்பவா?"

டயாலிசிஸ் நின்ற உடம்பில் அத்தனை தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கும்.

"எழுப்புங்கம்மா."

போனைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு அந்த அம்மா கூப்பிடுவது கேட்டது.

உள்ளே மறுபடி கைதட்டினார்கள். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அம்மா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.